சின்னராசாவின் கண்ணாடி வீடு

பல்லி சொன்னது. ஸ்னோ மூடிய டிசம்பர் மாதத்து வெக்ஸ்போர்ட்டில், அதுவும் ஒரு பேஸ்மென்டுக்குள், பல்லிக்கு எங்கே போவது?

சந்திரவதனா, மார்க்கம் நகரத்திலிருக்கும் கூடப்பிறந்த துரை அண்ணையோடு போனில் கதைத்தபடி, பூசணிக்காயையும் இலைகளையும் பொடிப்பொடியாக அரிந்துகொண்டிருந்தாள். ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது.

"ஒரு ஓணானுக்காக ஆரும் வீட்டை விட்டுப் போவினமே? ரெண்டு கிழமை தாங்கமாட்டாய்."

"ஓணான் இல்லை அண்ணை, பியர்டட் டிராகன். அண்ணி அதை ஸ்னோவுக்குள்ள எறியப் பாத்தவா. நான் இனி அங்க திரும்பி வரமாட்டன்."

ட்ச். ட்ச். ட்ச்.

"கேட்டியே, பல்லி சொல்லுது!" அண்ணை சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

சொன்ன பேச்சு உண்மையென்றால்தான் பல்லி சொல்லும். கேட்டவர் மூன்று தரம் தட்டவேண்டும். பழக்கதோஷம், அவள் விரல் மேசையில் தட்டிவிட்டது. சுவருக்குள்ளிருந்தும் மூன்று தட்டு வந்தது. ஹீட்டிங் குழாயாக்கும் என்று நினைத்தாள்.

அந்தப் பியர்டட் டிராகனுக்கு, சின்னராசாவுக்கு, அவள் கட்டிக்கொடுத்தது சும்மா பெட்டியல்ல. நாலடி நீளம், ஒரு தொங்கலில் நாற்பது பாகை வெயில், மறு தொங்கலில் நிழல், எலும்பு உறுதிக்கு வெயிலுக்குப் பதிலாக யூவீபீ விளக்கு, மணல் தின்றால் குடல் அடைக்கும் என்பதால் தரைக்கு ஓடு. சூடேறிய ஓட்டின் வாசமும் அரிந்த இலைகளின் பச்சை மணமும் அந்த அறையை முதன்முறையாக ஒரு வீடாக்கியிருந்தன. தன் கையால் ஆக்கிய வீடு என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

தீனிப் பூச்சிகளான சிள்வண்டுகளைக் கல்சியம் மாவில் குலுக்கும்போதுதான் யோசித்தாள். இதுகள் இன்னும் செட்டை முளைக்காத குஞ்சுகள், சத்தம் போடாது. சின்னராசாவுக்கோ குரலே இல்லை.

அப்படியென்றால் சொன்னது யார்?

சின்னராசாவின் தாடி, கழுத்தடியில் தொங்கும் முள்தோல், கரியாய்க் கறுத்திருந்தது. பயந்தால் அப்படிக் கறுக்கும். அது பூச்சியைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பினாள். கட்டில். கதவு. ஸ்னோ சப்பாத்து. வேறொன்றுமில்லை.

"இங்க நானும் சின்னராசாவும் மட்டும்தான்," என்றாள் உரத்து.

அமைதி. விளக்கின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். "வேற ஆரோ இருக்கினம்."

ட்ச். ட்ச். ட்ச்.

இந்தமுறை கிட்டவிருந்து. பல்லியின் சத்தமல்ல. ஈரமான சத்தம். நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுக்கும் சத்தம்.

ஓடலாம். ஆறடி எடுத்து வைத்தால் கதவு. ஆனால் வெளியே மைனஸ் பதினெட்டு. தூக்கிக்கொண்டு ஓடினால் சின்னராசா விறைத்துச் செத்துப்போகும். விட்டுவிட்டு ஓடுவதா? இதை விடமாட்டேன் என்றுதானே கூடப்பிறந்தவனின் வீட்டையே விட்டு வந்தாள்! பயத்துக்கு மேலே கோபம் பொங்கியது.

"ஆரெண்டாலும் கேள்! இது என்ர வீடு!"

அமைதி.

"என்ர வீடெண்டு சொல்லுறன்!"

அமைதி.

பெட்டியின் இழுவைக் கண்ணாடிக் கதவுகள் இரண்டையும் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை என்னவும் செய். இதை நீ தொடமாட்டாய்."

காத்திருந்தாள். இப்போது அந்தச் சத்தம் வேண்டும்; வந்தால்தான் அவள் சொன்னது உண்மை. ஒருக்கால் சொல்லு. சொல்லித் துலை.

சொல்லவில்லை.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வாய். திறந்தபடி. நாக்கு அண்ணத்தில் ஒட்டி, அசையாமல்.

உள்ளங்கைகளுக்குக் கீழே கதவு மெல்ல நகரத் தொடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.