மந்திரமூர்த்தியின் சிவப்புப் பூட்டு

"அய்யோ... அம்மா...!"

அலறல் கேட்டபோது மணி காலை பத்து இருபது.

வெளியே சாரல். குற்றாலம் ரோட்டில் வேன் வேனாக ஜனம். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று செய்தி வந்ததும் ஊரே துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பியிருந்தது. அந்த ரோட்டில், தென்காசி எல்லை தாண்டியதும், ஒரு தனியார் பால் கம்பெனி. சீசன் வந்தால் அங்கே பாதாம் பால் பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால் மேனேஜர் விஜயசங்கருக்கு மூச்சு நின்றுவிடும்.

ஹுஸ்னா ஓடினாள்.

இருபத்தெட்டு வயது. கடையநல்லூர்க்காரி. அந்தக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே ஆறு ஆம்பளை ஃபிட்டர்கள். ஆறு பேருக்கும் அவள் குரலைக் கேட்டால் கை தானாகவே ஹெல்மெட்டைத் தேடும்!

குழாய் கழுவும் அறையை எட்டிப் பார்த்தாள்.

ஆவி... வெள்ளையாய்... பால் குழாய்களைக் கழுவுகிற, கண்ணைக் கரிக்கும் காஸ்டிக் சோடா ஆவி!

தரையில் சீனியர் ஃபிட்டர் மந்திரமூர்த்தி கிடந்தார். தோள், மார்பு, இடது கை எல்லாம் வெந்து போயிருந்தது. பக்கத்தில் பாதி கழற்றிய கன்ட்ரோல் வால்வு. அதிலிருந்து எண்பது டிகிரி சோடாத் தண்ணீர் இன்னும் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"தண்ணி! பச்சத் தண்ணிய ஊத்துங்கலே! நிறுத்தாம ஊத்துங்க!"

கத்திக்கொண்டே பம்பை நிறுத்தினாள். பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அவளும் ஏறிக்கொண்டாள்.

பகல் பன்னிரண்டு மணி.

மேனேஜர் அறையில் போன் அலறியது.

"சார்... ஹுஸ்னா பேசுதேன்..."

"சொல்லும்மா. எப்படி இருக்கான்?"

"மந்திரம் அண்ணாச்சி... இறந்துட்டாரு சார்."

விஜயசங்கர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. பாவம், கர்ச்சீப்புக்குத்தான் வீண் வேலை.

ஒரு மணிக்கு ஹுஸ்னா திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. மேஜை மேல் டைப் அடித்த ஒரு தாள் தயாராக இருந்தது.

"படிச்சுட்டு கையெழுத்துப் போடும்மா."

படித்தாள்.

'ஃபிட்டர் மந்திரமூர்த்தி, சோடா லைனைப் பூட்டாமல் அஜாக்கிரதையாக வால்வைக் கழற்றினார். சூப்பர்வைசராகிய நானும் அதைச் சரிபார்க்காமல் வேலைக்கு அனுமதி கொடுத்துவிட்டேன்...'

"இது பொய் சார்."

"உண்மைம்மா. அவன் பூட்டு அவன் டூல்ஸ் பையிலேயே திறந்து கிடக்கு. நானே என் கண்ணால பார்த்தேன்."

"அண்ணாச்சி பூட்டாம ஒரு போல்ட்ல கூட கை வைக்க மாட்டாரு சார். பதினெட்டு வருசம்!"

"செத்தவனுக்காக நீ ஏன் மாட்டிக்கறே? கையெழுத்து போட்டா சஸ்பென்ஷனோட முடிச்சு விடறேன். போடலைன்னா... கொலைக் கேஸ் உன் மேலதான் திரும்பும். பொம்பளைப் பிள்ளை. ஜெயிலு, கோர்ட்டு... உங்க ஊர்ல என்ன பேசுவாங்க?"

ஹுஸ்னா தாளை எடுத்தாள். நிதானமாக இரண்டாய்க் கிழித்தாள். அப்புறம் நாலாய்.

"எங்க ஊர்ல என்ன வேணா பேசட்டும் சார். நான் கெட்ட பேரோட கூட இருந்துக்கிடுதேன். ஆனா அந்த மனுசன் மேல பழியத் தூக்கிப் போட எங்கையி வராது. ஜெயிலுக்குத்தான் போகணும்னா போறேன். அங்கனயும் குழாய் ஒழுகத்தான செய்யும்? ரிப்பேர் பாத்துக் குடுக்கேன்!"

"திமிரா?"

"ஆமா சார். திமிருதான்!"

"சபாஷ்!"

வாசலில் குரல். இன்ஸ்பெக்டர் பாண்டியராஜ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தென்காசிக்காரர். சட்டையில் சாரல் ஈரம்.

"என்னவே மேனேஜரே... தாளு பறக்கு?"

"வாங்க இன்ஸ்பெக்டர். தப்பு பண்ணிட்டு எகிறுது இந்தப் பொண்ணு. இதோ பாருங்க எவிடென்ஸ்." விஜயசங்கர் டூல்ஸ் பையை இழுத்து வைத்தார். உள்ளே சிவப்புப் பூட்டு ஒன்று. வளைவு திறந்து கிடந்தது.

"இது யாரு பூட்டு?"

"செத்துப்போன மந்திரமூர்த்தி பூட்டு. வால்வைக் கழட்டுறதுக்கு முன்னால சோடா வர்ற குழாயோட கைப்பிடியை மூடி, இதால பூட்டணும். வால்வை இயக்குற காத்து லைனைப் பிடுங்கணும். உள்ள இருக்கிற பிரஷரை வடிச்சு, மீட்டர் சைபர்ல நிக்குதான்னு பாக்கணும். அப்புறம்தான் வால்வு. அவன் பூட்டவே இல்ல!"

"சாவி?"

"அவன் இடுப்புல இருக்கும். அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டுத்தான் திரிவான். எல்லாருக்கும் தெரியும்."

"பூட்டு திறந்து பையில. சாவி இடுப்புல. இதானே உம்ம வாக்குமூலம்?"

"ஆமா."

"எழுதிக் குடும்."

விஜயசங்கர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. அன்றைக்கு அவர் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான்.

ஹுஸ்னா தன் பெல்ட் பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்தாள். சாவி அதிலேயே இருந்தது.

"சார், இது என் பூட்டு. எங்க ஃபிட்டர் எல்லாருக்கும் இதே மாதிரி ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரே ஒரு சாவிதான். பூட்டுன ஆளுதான் திறக்கணும். இப்ப இது திறந்திருக்கு. சாவிய உருவுங்க."

பாண்டியராஜ் இழுத்தார். வரவில்லை. திருகினார். ம்ஹூம்!

"என்னம்மா, சிக்கிக்கிட்டு?"

"சிக்கல சார். இப்ப பூட்டிட்டு இழுங்க."

டக். பூட்டினார். சாவி வெண்ணெயாய் வந்தது.

"இந்தப் பூட்டு அப்படித்தான் சார். பூட்டுனாத்தான் சாவி வெளிய வரும். திறந்த பூட்ட விட்டுட்டு சாவிய மட்டும் எவனும் எடுத்துட்டுப் போயிரக் கூடாதுல்லா? அதுக்குத்தான்! அண்ணாச்சி இடுப்புல சாவி இருந்துதுன்னா... அவரு பூட்டு எங்கயோ பூட்டியிருந்துதுன்னு அர்த்தம்!"

பாண்டியராஜ் டூல்ஸ் பையிலிருந்த பூட்டைக் கையில் எடுத்தார்.

"அப்ப பையில கிடக்கது?"

"கடைப் பூட்டு சார். தென்காசி பஜார்ல எந்த இரும்புக் கடையிலயும் கிடைக்கும். கலரு மட்டும் சிவப்பு. வாங்குன ஆளு வாழ்க்கையில ஒரு நாளும் பூட்டுப் போட்டு வேலை பாத்ததில்ல. அதான் வித்தியாசம் தெரியல."

விஜயசங்கர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"கதை விடாதம்மா. வேற பூட்டு இருந்துச்சுன்னா எங்கே அது? காட்டு!"

"காட்டுதேன். வாங்க."

குழாய் கழுவும் அறை. தரை ஈரம் காயவில்லை. காலையில் கழற்றிய வால்வு அப்படியே தொங்கியது. அதன் தேய்ந்த ரப்பர் வளையம் கீழே கிடந்தது.

ஹுஸ்னா அதைக் காலால் காட்டினாள்.

"இந்த சீல் தேஞ்சா கழுவுற சோடா பால்ல கலந்திரும் சார். குழந்தைங்க குடிக்கிற பாலு. அதான் இன்னைக்கே மாத்தணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அரை மணி நேரம் கேட்டேன். சாரு பத்து நிமிசம்தான்னாரு. முடியாதுன்னுட்டேன்."

மூலையில் தரைக்குழி. துருப்பிடிக்காத எஃகு மூடி. கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். உள்ளே ஓட்டை போட்ட ஒரு கூடை.

"பால் கம்பெனி சார் இது. சாக்கடையில கூட வடிகட்டி வச்சிருப்போம். மெசின்ல இருந்து ஒரு நட்டு விழுந்தாலும் இதுலதான் நிக்கும். தெனமும் காலையில அள்ளிப் போடுதது மந்திரம் அண்ணாச்சி. குழியில போட்டா ஆத்தோட போயிரும்னு நெனைக்கிற ஆளு, ஒரு நாளும் இங்கன குனிஞ்சு பாத்திருக்க மாட்டாரு."

கூடையைக் கவிழ்த்தாள்.

'டங்!'

சிவப்புப் பூட்டு. வளைவு கட்டரால் துண்டிக்கப்பட்டு... பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் 'மந்திரம்'!

பாண்டியராஜ் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். சாவியில் கறுப்புக் கயிறு தொங்கியது.

"ஆஸ்பத்திரியில அவன் இடுப்புல இருந்து அவுத்தது."

போட்டார். திருகினார். திரும்பியது!

"இப்ப என்னவே சொல்லுதீரு?"

விஜயசங்கர் நெற்றியைத் துடைத்தார். இந்தத் தடவை கர்ச்சீப்புக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. குரலைச் சரிசெய்துகொண்டார்.

"சரி... யாரோ வெட்டியிருக்காங்க. கடைப் பூட்டை யாரோ பையில போட்டிருக்காங்க. நான்னு எப்படிச் சொல்வீங்க? இந்த ரூம்ல கேமரா கிடையாது. ஆபரேட்டர் டீக்குப் போயிட்டான். பார்த்தது யாரு? செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறானா?"

"எந்திரிக்க முடியாது சார்," என்றாள் ஹுஸ்னா. "டாக்டரு பத்து நாளு படுக்கணும்னுட்டாரு."

"எ... என்னது?"

அவள் செல்போனை நீட்டினாள். வீடியோ கால்!

கட்டில். உடம்பெல்லாம் கட்டு. ஆனால் முகம்... முகத்தில் ஒரு கீறல் இல்லை! அவள் திட்டித் திட்டி மாட்ட வைத்த முகக்கவசம் காப்பாற்றிய முகம். பக்கத்தில் அவர் மனைவி உலகம்மை தண்ணீர் தம்ளரோடு முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜர் சார்... மந்திரமூர்த்தி பேசுதேன்..."

விஜயசங்கர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வாசகர்களே, போனில் அவள் சொன்னது பொய். ஆஸ்பத்திரியில் மந்திரமூர்த்தி சொன்னதைக் கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுதான் அப்படிச் சொல்ல வைத்தார். ஆள் உயிரோடு இருப்பது தெரிந்தால் மேனேஜர் வாயே திறக்க மாட்டாரே! எனக்கும் தெரியும். உங்களிடம் மறைத்துவிட்டேன். கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

"பூட்டிட்டு, வடிச்சு விட்டுட்டு, புது சீல் வாங்க ஸ்டோருக்குப் போனேன் சார்," மந்திரமூர்த்தி மெதுவாகப் பேசினார். "திரும்பி வரும்போது நீங்க எதுத்தாப்புல வந்திய. கையில பெரிய கட்டரு. 'என்ன சார்?'னேன். 'ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு'ன்னிய. நான் வந்து பூட்ட இன்னொரு வாட்டி பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்புத்தான். சாவி என் இடுப்புல இருக்கு, எவன் திறக்கப் போறாம்னு நெனச்சேன். வெட்டுவியன்னு நெனைக்கலயே சார்!"

உலகம்மை போனைப் பிடுங்கினாள்.

"ஏ மேனேஜரு! எம்புருசனக் கொல்லப் பாத்துட்டு, அவரு மேலயே பழியும் எழுதுவியோ? ஒரு பாட்டிலு பாதாம் பாலுக்கு ஒரு மனுச உசுரால? நல்லா இருப்பியா நீ!"

"நான்... நான் சாகடிக்கணும்னு நினைக்கல," விஜயசங்கர் உளறினார். "வாசல்ல லோடு வண்டி காத்துக்கிட்டு நின்னுச்சு... ஆள் ஸ்டோருக்குப் போயிட்டான்... பூட்டை வெட்டி, கைப்பிடியைத் திறந்து, பம்பை ஓட விட்டுட்டேன். வர்றதுக்குள்ள கழுவி முடிச்சிரலாம்னு..."

"வேலை நடக்குதுன்னு பூட்டு தொங்குச்சுல்லா?" ஹுஸ்னாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. ஆனால் தலை குனியவில்லை. "அது பூட்டு இல்ல சார். 'உள்ள ஒரு உசுரு இருக்கு'ன்னு எழுதித் தொங்க விட்ட போர்டு. அது தெரிஞ்சுதான் வெட்டுனீங்க. அப்புறம் எங்கிட்ட பேனாவ நீட்டுனீங்க!"

"கூட்டிட்டு வாங்கய்யா," என்றார் பாண்டியராஜ்.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். க்ளிக்.

வாசலில் ஃபிட்டர்கள் ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் வழி விடவில்லை. மேனேஜர் அவர்களைச் சுற்றிக்கொண்டு மழையில்தான் போக வேண்டியிருந்தது.

ஹுஸ்னா தன் சிவப்புப் பூட்டைச் சோடா லைன் கைப்பிடியில் மாட்டினாள். பூட்டினாள். சாவியை உருவிப் பெல்ட் பையில் போட்டாள். மந்திரமூர்த்தி ஸ்டோரிலிருந்து வாங்கி வந்து, கீழே விழுந்து கிடந்த புது சீலை எடுத்துத் துடைத்தாள். வால்வு வேலை பாக்கி இருந்ததே!

"என்னம்மா, இன்னைக்குமா வேலை?" ஜீப்பில் ஏறப்போன பாண்டியராஜ் கேட்டார்.

"பால் காத்துக் கிடக்குல்லா சார்?" என்றவள், ஜீப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"சார்! அந்த விலங்குச் சாவிய உங்க இடுப்புல கட்டிக்கிட்டா மட்டும் போதாது... கட்டரையும் ஒளிச்சு வச்சிருங்க! அவசரம்னா சாரு வெட்டிருவாரு!"