ஹாக்லன்ட் வீட்டு வண்டியின் எடை

அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: ஆர்வல் ஹாக்லன்ட் ஆகிய நான், என் தம்பி டாரல், அவன் மனைவி ஜோலீன், எங்கள் தங்கை வெர்னா, டாரலின் பத்து வயது மகள் மேரன், கோதுமைக் கிடங்கில் எடை மேடையைக் கவனித்துக்கொள்ளும் ரோண்டா. அப்புறம் டீசல். டீசல் எங்கள் நாய், கன்றுக்குட்டி அளவு இருக்கும். வேறு யாரும் இல்லை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் குடும்பம் மொன்டானாவில் நான்கு தலைமுறையாகக் கோதுமை விதைக்கிறது. வீட்டுக்கு வண்டி தேர்ந்தெடுப்பது மூத்த மகனின் பொறுப்பு. என் அப்பா தேர்ந்தெடுத்த எந்த வண்டியும் வழியில் நின்றதில்லை. நான் தேர்ந்தெடுத்ததும் நின்றதில்லை.

ஒவ்வொரு ஜூலை மாதமும் கழுதைக்காதுக் கணவாயைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போவோம். கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்குவோம். போன ஆண்டு மட்டும் போகவில்லை. ஜோலீனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவளால் தரையில் படுக்க முடியாது.

"அம்மா இல்லாத ஏரிக்கு நான் வரமாட்டேன்" என்று மேரன் சொல்லிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற நாங்கள் எல்லோரும் பையை இறக்கி வைத்தோம்.

அதனால் இந்த ஆண்டு ஒரு ட்ரெய்லர் வீடு வாங்கினோம். சக்கரம் வைத்த சின்ன வீடு. உள்ளே மெத்தை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. அதை இழுக்க, பின்னால் திறந்த தொட்டி வைத்த நல்ல பிக்கப் வண்டி வேண்டும். நான் நகரத்துக்குப் போய் ஆறு வண்டிகளை வேண்டாம் என்று தள்ளினேன். ஒன்றில் எஞ்சின் சின்னது. ஒன்றில் பின்இருக்கை போதாது. ஒன்று சிவப்பு. எங்கள் வீட்டில் சிவப்பு வண்டி வாங்குவதில்லை.

ஏழாவது வண்டி வெள்ளை. விற்பவன் என் காதருகே வந்து, "சார், இது பதினோராயிரம் பவுண்டு இழுக்கும். உங்க வீட்டை அஸ்திவாரத்தோட பிடுங்கிட்டு வந்துரும்!" என்றான்.

ட்ரெய்லர் வீட்டின் எடை 6,400 பவுண்டுதான், சுமார் மூன்று டன். நான் கையெழுத்துப் போட்டேன்.

வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டுகிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. பின்னால் வருவது தெரிய அகலமான கண்ணாடிகள் பொருத்தினேன். ட்ரெய்லரின் பிரேக்கை ஓட்டுநரே பிடிக்க ஒரு கருவி வைத்தேன். அவை தேவை. பிறகு முகப்பில் நானே இரும்பை வளைத்து ஒரு பெரிய காப்புச் சட்டம் செய்து மாட்டினேன். பின்தொட்டியில் எஃகுக் கருவிப்பெட்டி வைத்தேன். ஜெனரேட்டர், மரம் அறுக்கும் ரம்பம், ஒரு குவியல் விறகு எல்லாவற்றையும் ஏற்றினேன். கிளம்ப வேண்டிய சனிக்கிழமை காலையில் அந்த வண்டியைப் பார்த்தால் போருக்குப் போவதுபோல் இருந்தது.

டீசல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. அதை இழுக்கப் போன மேரன், திறந்த கதவின் தூணருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியப்பா, இங்க ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. படிச்சீங்களா?"

"என்ன சீட்டு?"

"ஆளும் சாமானும் சேர்ந்து 1,900 பவுண்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அது இழுக்கறதுக்கு இல்லம்மா. இழுக்கறது பதினோராயிரம்."

"இழுக்கறது வேற, சுமக்கறது வேறதானே பெரியப்பா? ட்ரெய்லரோட மூக்கு நம்ம வண்டி மேலதானே உட்காருது? அந்த மூக்கு மட்டும் 780 பவுண்டுன்னு ட்ரெய்லர் காகிதத்துல இருக்கு. டீசல் 130. நாய் டாக்டர் எடை போட்டுப் பாத்தாரு."

டாரல் குனிந்து சீட்டைப் படித்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, பொண்ணு சொல்றது சரிதான்."

நாற்பது வருடமாக வண்டி வாங்குகிறேன். அந்தத் தூணில் ஒரு சீட்டு இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

மேரன் பென்சிலும் நோட்டும் எடுத்தாள். "இப்போ எல்லாரும் உங்க எடையைச் சொல்லுங்க."

வெர்னா அத்தை கையிலிருந்த காப்பிக் குவளையை மெதுவாக இறக்கினாள்.

"என்ன கேட்டே?"

"எடை அத்தை. பவுண்டுல."

"முப்பது வருசமா பள்ளிக்கூட பஸ் ஓட்டறேன். எந்த பஸ்ஸும் என்கிட்ட எடை கேட்டதில்ல!"

"நான் நூத்தி எழுபது" என்றேன் நான்.

டாரல் இருமினான். "அண்ணே, அது நீ ராணுவத்துல சேர்ந்தப்போ."

"அப்போ போட்டதுதான்டா கடைசி எடை. அதுக்கப்புறம் யாரும் கேக்கலை."

"ஹாக்லன்ட் வீட்டுப் பொம்பளைங்க எடையை டாக்டர்கிட்டகூடச் சொன்னதில்ல. நான் சொல்லமாட்டேன்" என்றாள் வெர்னா. அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

நான் மேரனைக் கண்டிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வெர்னாவின் காதுகளைப் பார்த்துவிட்டாள். உடனே நோட்டை மூடினாள்.

"யாரும் சொல்ல வேண்டாம்" என்றாள். "பெரியப்பா, அறுவடை சமயத்துல கோதுமை லாரியை எடை போடறாங்களே, அப்போ டிரைவரை இறக்கித் தனியா எடை போடுவாங்களா?"

"இல்லையே. அவன் உள்ளேயே உட்கார்ந்திருப்பான்."

"நாமளும் உள்ளேயே உட்கார்ந்துக்கலாம். வண்டியோட எடைதான் வெளிய தெரியும். அத்தையோடது தெரியாது. உங்களோடதும் தெரியாது."

வெர்னா குவளையை மீண்டும் வாயருகே கொண்டு போனாள். "பொண்ணுக்கு மூளை இருக்கு" என்றாள். "ஜோலீன் பக்கத்துலேருந்து வந்திருக்கும்."

கோதுமைக் கிடங்கு இரண்டு மைல் தூரம். மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். ஐந்து பேரும் டீசலும் உள்ளே. பிக்கப்பின் நான்கு சக்கரங்களும் எடை மேடைமேல் நின்றன. ட்ரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருந்தன. மேடையோரக் கூண்டுக்குள்ளிருந்து ரோண்டா எட்டிப் பார்த்தாள்.

"ஆர்வல்! கோதுமை எங்கே?"

"கோதுமை இல்ல. குடும்பம்."

"எவ்வளவு வரணும்?"

மேரன் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "வண்டி, ஆளு, மூக்கு எல்லாம் சேர்த்து 7,100க்குள்ள வரணும்! சீட்டுல அதுவும் போட்டிருக்கு!"

மேலே பலகையில் சிவப்பு எண்கள் ஓடின. நின்றன.

7,760.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அதே எண். 660 பவுண்டு அதிகம். உள்ளே எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. டீசலுடையதும். ஆனால் அது எப்போதும் அப்படித்தான்.

"மேடை பழுது" என்றேன்.

ரோண்டா கூண்டைவிட்டு வெளியே வந்தாள். "பதினஞ்சு வருசமா இதுலதான் உங்க கோதுமையை எடை போட்டுப் பணம் வாங்கறீங்க. அப்போ எல்லாம் சரியா இருந்துச்சா?"

மேடை பழுது என்ற பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். பிடிவாதம் பிடித்திருந்தால் பதினைந்து வருடக் கோதுமையும் சந்தேகத்துக்கு வந்திருக்கும்.

டாரல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாழ்ந்த குரலில் சொன்னான்: "கழுதைக்காதுல ஆறு மைல் இறக்கம் இருக்கு அண்ணே. இந்தப் பாரத்தோட இறங்கினா பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும். நான் ஓட்டமாட்டேன்."

அப்போது பின்கதவு திறந்தது. ஜோலீன் தன் ஊன்றுகோலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் இறங்கிக்கறேன். எனக்காகத்தானே இந்த ட்ரெய்லர் வந்துச்சு? அதை இங்கேயே விட்டுட்டுக் கூடாரத்தை எடுத்துட்டுப் போங்க. நான் வீட்ல ஜாலியா இருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மேரனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, காலை உள்ளே வை" என்றாள் மேரன்.

அவள் எதிர்ப்பக்கம் குதித்து இறங்கினாள். பின்தொட்டியைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு சாமானையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். நானும் இறங்கிப் போனேன். என் வண்டியை என் கண்முன்னால் இன்னொருவர் சோதனை போட்டது அதுவே முதல் தடவை.

"பெரியப்பா, இந்த ரம்பம் எதுக்கு?"

"வழியில மரம் விழுந்து கிடந்தா அறுக்கணுமே."

"போன தடவை மரம் விழுந்து கிடந்துச்சா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின தடவை?"

"தொண்ணூத்தி நாலுல ஒண்ணு கிடந்துச்சு."

"நான் அப்போ பொறக்கவே இல்ல" என்றாள் மேரன். "இந்த விறகு?"

"குளிர் காய."

"ஏரிக்கரைக் கடையில விக்கறாங்களே. ஜெனரேட்டர்?"

"ட்ரெய்லர்ல விளக்கு எரிய."

"ட்ரெய்லர்லதான் பேட்டரி இருக்கே பெரியப்பா. கருவிப்பெட்டி?"

"அது வண்டியோட சேர்ந்தது! அது எடையில வராது!" என்று குரலை உயர்த்தினேன்.

மேரன் குரலை உயர்த்தவில்லை. "சீட்டு ஒட்டறப்போ அது வண்டியில இல்லையே" என்றாள்.

வண்டியைப் பலப்படுத்துகிறேன் என்று நான் மாட்டிய ஒவ்வொன்றும் அது சுமக்கும் பலத்திலிருந்து ஒரு பங்கைத் தின்றிருக்கிறது. நான் தயார் செய்யாமல் விட்டிருந்தால் வண்டி தயாராகவே இருந்திருக்கும்.

விறகு இறங்கியது. ஜெனரேட்டர் இறங்கியது. ரம்பத்தோடும் மற்றக் கருவிகளோடும் பெட்டியை நானும் டாரலும் ரோண்டாவுமாகத் தூக்கி இறக்கினோம். நாங்கள் மறுபடி ஏறி உட்கார்ந்ததும் பலகை 7,150 காட்டியது. இன்னும் ஐம்பது பவுண்டு.

வெர்னா தன் துணிப்பையை ஜன்னல் வழியே நீட்டினாள். "இதையும் எடுத்துக்கோ. ஒரு வாரம் ஒரே பாவாடையில இருக்கேன். செத்தா போயிடுவேன்?"

"வேண்டாம் அத்தை" என்றாள் மேரன். பிறகு இறங்கிப் போய் முகப்பில் இருந்த காப்புச் சட்டத்தின்மேல் கை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை மூன்று வாரம் உழைத்துச் செய்திருந்தேன். நடுவில் எங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை இரும்பிலேயே வளைத்துப் பற்றவைத்திருந்தேன்.

"மான் குறுக்கே வந்தா?" என்றேன்.

"மெதுவாப் போகலாம் பெரியப்பா. நமக்கு ஒரு வாரம் இருக்கு."

உள்ளே ஜோலீன் இன்னும் ஊன்றுகோலைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி, ஸ்பானரை எடுத்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தேன். எட்டு போல்ட்டுகள். எட்டையும் நானே கழற்றினேன். மேரன் ஒவ்வொன்றாக வாங்கித் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டாள். எல்லோரும் திரும்ப ஏறி உட்கார்ந்தோம்.

சிவப்பு எண்கள் ஓடின. நின்றன.

6,990.

ரோண்டா கை தட்டினாள். டாரல் ஹாரன் அடித்தான். டீசல் குரைத்தது. ஜோலீன் ஊன்றுகோலை இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.

ஆறு மைல் இறக்கத்தில் ட்ரெய்லர் வீடு எங்கள் பின்னால் சாதுவாக இறங்கி வந்தது. மான் ஒன்று வந்தது. நின்றோம். அது எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம் ஜோலீன் முழங்கால்வரை ஏரிக்குள் நின்றாள். மேரன் தண்ணீரை வாரி அவள்மேல் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக ஒன்று. வெர்னா ஏறியதால்தான் ஹாக்லன்ட் வண்டி எடை மேடையில் அமுங்கிப் போனது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். வெர்னா ஏறினாள், இறங்கவே இல்லை, ஏரிவரை வந்தாள். அன்று அதிகமாக இருந்த 660 பவுண்டில் ஒவ்வொரு பவுண்டும் நான் ஏற்றியது.