இன்னும் ரெண்டடி, பத்ரி!

செல்போன் அலறியது.

மதியம் இரண்டு பத்து. மாட்டுங்காவில், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்கு எதிரே நின்ற ஜீப். போலீஸ் என்று எங்கும் எழுதாத ஜீப்.

இன்ஸ்பெக்டர் மாரிசெல்வம் எடுத்தார். மணாலிக்கு மேலே, பனியிலிருந்து மீட்புக் குழுத் தலைவர் மெஹராஜ் பேசினார்.

அவர் இந்தியில் சொன்னதன் சுருக்கம் இதுதான். கிழக்குச் சரிவு முழுக்கத் தேடியாகிவிட்டது. பத்ரி இல்லை. ஐந்தரைக்கு இருட்டிவிடும். ஏற்கெனவே இரண்டு ராத்திரிகள் போய்விட்டன. மூன்றாவதும் போனால், நாளை தேடப்போவது ஆளை அல்ல...

உடலை.

பின் சீட்டில் இருந்த அம்முவுக்கு எல்லாமே கேட்டது. பத்ரியின் மனைவி. செம்பூரிலிருந்து விடியற்காலையிலேயே வந்தவள்.

பத்ரியும் ஜெயராமும் போன வாரம் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். லிஃப்ட்டும் பாதையும் இல்லாத மலைச்சரிவில் ஸ்கீ மாட்டிக்கொண்டு ஏறுவது. பனியைப் படம் எடுப்பது. சறுக்கி இறங்குவது.

இறங்கியது ஜெயராம் மட்டும்.

பனிப்புயல் வந்தது, கிழக்குச் சரிவில் பிரிந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு, மறுநாளே மாட்டுங்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

ஆனால் நேற்று இரவு இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டான். நீல வானம். வெள்ளைச் சரிவு. மேல் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

அம்மு அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்தப் பயணத்துக்காக அவள் தாதரில் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்!

"புயல்னு சொன்னான் சார்... படத்துல ஒரு மேகம்கூட இல்ல."

"தெரியும்மா. இப்ப அவன் சட்டையப் புடிச்சா வக்கீலக் கூப்பிடுவான். அவரு வந்து சேருததுக்குள்ள அங்க இருட்டிரும்."

"போன வருஷம் அவன் பரிசு வாங்கின படமே என் வீட்டுக்காரர் எடுத்தது சார். இந்த ட்ரிப் முடிஞ்சதும் வெளிய சொல்லிடுவேன்னு அவன்கிட்டயே சொல்லிட்டுத்தான் போனார்."

மாரிசெல்வம் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்.

மேலே, மூன்றாவது மாடியில், அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்த ஜெயராம் மலர்ந்தான். மதியம் அவனுக்கு ஒரு போன் வந்திருந்தது. இந்த வருடப் போட்டியின் நடுவர் நேரில் வந்து படத்தைப் பார்ப்பார் என்று.

வெளிர் சாம்பல் புடவை. கனத்த கண்ணாடி. தோளில் கைப்பை. கைப்பைக்குள், அழைப்பில் இருந்த செல்போன்.

"பிரேமலதா," என்றாள் அவள். உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெரிய படத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள்.

"சுமார்."

ஜெயராமின் சிரிப்பு பாதியில் நின்றது.

"வெளிச்சம் சரியில்ல," என்றாள்.

"மேடம்... அது அஞ்சு நிமிஷ வெளிச்சம். மூணு மணிக்கு மேல வெயில் நேரா இந்தச் சரிவு மேல சாஞ்சு விழும். அப்பதான் பனியில ஒவ்வொரு வரியும் தெரியும். கிழக்குச் சரிவா இருந்தா அந்நேரம் வெறும் நிழல்."

கீழே மாரிசெல்வம் இன்னொரு போனில் மெஹராஜிடம் சொன்னார். மேற்கு!

மேற்கில் மூன்று பள்ளத்தாக்குகள், எது என்றார் மெஹராஜ்.

மணி இரண்டு முப்பத்தைந்து.

மேலே பிரேமலதா உதட்டைப் பிதுக்கினாள். "நின்ன இடமே தப்பு. நாலடி வலது பக்கம் நின்னிருக்கணும்."

ஜெயராம் வாய்விட்டுச் சிரித்தான். "நாலடி போனா ஓடைக்குள்ள விழுந்திருப்பேன் மேடம். நான் நின்னது ஒரு ஆட்டுக்காரன் குடிசையோட கூரை மேல. இந்த ஸ்பாட் எந்த போட்டோகிராபருக்கும் தெரியாது."

மெஹராஜுக்குத் தெரிந்தது. ஓடைக்கரையில் குடிசை... அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மணி நேரத் தூரம்.

மெஹராஜ் போனை வைத்தார். அம்மு கண்களை மூடிக்கொண்டாள்.

மேலே ஜெயராமின் கண்கள் சுருங்கின.

"மேடம்... இது எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னு நினைக்கறேள்?"

மாரிசெல்வத்தின் கை ஜீப் கதவுக்குப் போனது.

பிரேமலதா நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"லென்ஸ் எதுவா இருந்தா என்ன? அந்தச் சிவப்புப் புள்ளி மொத்தத்தையும் கெடுத்துடுச்சு. கறை மாதிரி. அழிச்சுட்டு அனுப்புங்க. பாக்கலாம்."

"கறையா?"

ஜெயராமின் முகம் சிவந்தது.

"அது இல்லைன்னா இது வெறும் வெள்ளைக் காகிதம் மேடம்! மலை எவ்வளவு பெரிசுன்னு அந்தப் புள்ளிதான் சொல்லும். அதை அந்த இடத்துல கொண்டுவந்து நிறுத்த நான் பட்ட பாடு... இன்னும் ரெண்டடி, இன்னும் ரெண்டடின்னு கீழேர்ந்து கத்திக் கத்தி விளிம்பு வரைக்கும் போகச் சொன்னேன். கீழ பாறை இல்ல, வெறும் பனின்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அது உடையறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி... அதுதான் இந்தப் படம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது.

கதவு திறந்தே இருந்தது. மாரிசெல்வம் உள்ளே நின்றார்.

"தப்பான சரிவையும் காட்டிட்டு வந்துட்டே, என்னலே?" என்றார். விலங்கு பூட்டினார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். அம்முவுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை.

நான்கு ஐம்பதுக்குப் போன் வந்தது.

பத்ரி கிடைத்துவிட்டான். வலது கால் இரண்டாக முறிந்திருக்கிறது. அந்தக் காலோடு குடிசை வரை ஊர்ந்து போய், கதவை உடைத்து எரித்துக் குளிர் காய்ந்திருக்கிறான். உயிர் இருக்கிறது. அம்மு எங்கே என்று கேட்கிறான்!

அம்மு போனைப் பிடுங்கினாள். அழுகைதான் வந்தது.

ஜெயராம் மட்டும் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம்... எல்லாம் இருக்கட்டும். நடுவரா சொல்லுங்கோ. படம் நிஜமாவே சுமாரா?"

மாரிசெல்வம் சிரித்துவிட்டார். "நாங்க வரச்சொன்ன நிஜ நடுவரோட ட்ரெயின் கல்யாண் ஸ்டேஷன்லயே நின்னுட்டு. இவ எங்க ஸ்டேஷன் கான்ஸ்டபிள். பக்கத்து லேபர் கேம்ப்ல பொறந்து வளந்தவ."

பிரேமலதா கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அணைத்தாள்.

"எங்கிட்ட கேக்காதீய சார். நான் பாத்த பனியெல்லாம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கட்டுனதுதான்... அதுக்குள்ளயும் மீனுதான் கெடந்துச்சு."