உள்ளே ஆள் இல்லை

மனித குலம் இதுவரை அஞ்சி நடுங்கியதற்கெல்லாம் ஒரே காரணம் அளவீடு இல்லாமைதான். பேய் என்பது சென்சார் பொருத்தப்படாத இடம், அவ்வளவே. இந்த உண்மையை அவன் தொழிற்சாலையின் நிலவறையில், தலைக்கவசத்தைச் சற்றே சாய்த்து வைத்துக்கொண்டு, வரிசையாக நின்ற நான்கு இரும்புத் தொட்டிகளையும் தன் அக்காள் கணவரையும் சாட்சியாக வைத்து அறிவித்தான். தொட்டிகள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காள் கணவர் மட்டும், "ஏணிய ஒழுங்கா புடி மச்சான். விழுந்தா உன் சென்சார் வந்து என்னைத் தூக்காது," என்றார்.

அவர் அங்கே ஃபிட்டர். இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஆன்டெனாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கிய முதல் நாளே ஆட்கள் இவனுக்கு 'டவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொட்டிகளில் சென்சார்களை ஒட்ட வேண்டும்; அவை ரேடியோவில் சொல்வதையெல்லாம் சுவரில் மாட்டிய கேட்வே பெட்டி கேட்டு, மேலே கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு அனுப்ப வேண்டும். டவர் தனியாகச் செய்யும் முதல் வேலை இது. சொதப்பினால் கம்பெனி அனுப்பிவிடும். அதைவிடக் கொடுமை, அக்கா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த நிலவறையில் ஒரு பழக்கம் இருந்தது. தொட்டியைக் கழுவ ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். வேலை முடிந்து மூடியைப் போடுமுன், வெளியே இருப்பவர் ஸ்பேனரால் இரும்பில் மூன்று முறை தட்டி, காதை வைத்து, மூச்சை அடக்கிக் கேட்பார். பதில் தட்டு வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வராவிட்டால் மூடலாம். இதைப் பார்த்த அன்று டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வைத்தியம் பாக்கறீங்களா அத்தான்? நாக்கை நீட்டச் சொல்லுங்க, அதையும் பாத்துடலாம்."

"சிரி, சிரி. முப்பது வருஷமா ஒரு ஆளையும் உள்ள வச்சு மூடினதில்ல."

"சரி, அந்த நாலாவது தொட்டிக்கு மூடியே இல்லயே? வெல்டிங் வச்சு அடச்சிருக்கு. அதுலயும் போற போக்குல தட்டறீங்க?"

"நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. தட்டுவாங்க, நானும் தட்டறேன்."

"பதில் வந்திருக்கா?"

அத்தான் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அதுல யாரும் காது வச்சுக் கேட்டதில்ல மச்சான். தட்டிட்டு நடையைக் கட்டிடுவோம்."

டவரின் ஏற்பாட்டில் தட்டலுக்கு இடமே இல்லை. உள்ளே இறங்குகிறவர் கழுத்தில் ஒரு டேக் மாட்டிக்கொள்ள வேண்டும். டேக் மூடிவாயைத் தாண்டி உள்ளே போனால் திரையில் சிவப்பு. எந்த டேக்கும் உள்ளே இல்லையென்றால் பச்சை: 'உள்ளே ஆள் இல்லை'. பச்சை வந்தால் மேலே இருந்தபடியே பொத்தானை அழுத்தி, மோட்டார் மூடியைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிடலாம். இறங்கி வரக்கூடத் தேவையில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, நான்காவது தொட்டியில் அதிர்வு சென்சாரை ஒட்டும்வரை.

அவன் மடிக்கணினியில் மற்ற மூன்று தொட்டிகளின் கோடுகளும் பம்பின் உறுமலுக்கு ஏற்ப மெல்ல நடுங்கிக்கொண்டிருக்க, நான்காவது கோடு மட்டும் செத்த பாம்பு போல நேராகக் கிடந்தது. பிறகு, யாரோ அதை அடியிலிருந்து விரலால் சுண்டியது போல மூன்று முறை துள்ளிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. கேட்வே கீச்சிட்டது. சற்று நேரத்தில் மறுபடியும் மூன்று. டவர் சென்சாரைக் கழற்றி வேறொன்றை ஒட்டினான். மூன்று. பெயின்ட் உரிந்த அந்த இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. துருவும் பழைய சுண்ணாம்பும் கலந்த ஈர வாசனை மட்டும், அடைத்து வைத்த அந்தத் தொட்டியிலிருந்து எப்படியோ வந்துகொண்டிருந்தது.

"கழட்டிடு," என்றார் அத்தான். அவர் குரல் கொஞ்சம் தள்ளி நின்று வந்தது.

"பம்ப் அதிர்வு, குழாய் வழியா வருது. நாய்ஸ். வடிகட்டிட்டா போச்சு."

தட்டல் போல எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று கேட்வேக்கு எழுதினான். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்தே போட்டுவிட்டான். கீச்சொலி நின்றது. பிரச்சினை தீர்ந்தது. அதாவது, திரையில் தீர்ந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜருக்குச் செய்து காட்ட வேண்டும். மேலே அத்தான் பொத்தானை அழுத்த, டவர் கீழே நின்று கேட்வேயைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கழுவி முடித்த மூன்றாவது தொட்டி திறந்தே இருந்தது. ஆட்களையும் அழைத்துக்கொண்டு படியேறிய அத்தான், கடைசிப் படியில் நின்றார்.

"பச்சை வந்தா மூடிடலாம்ல?"

"கண்ணை மூடிக்கிட்டு மூடுங்க."

"ஒரே ஒரு தடவ தட்டிட்டு..."

"அத்தான்! மேனேஜர் முன்னாடி தட்டி என் மானத்த வாங்காதீங்க. பச்சைன்னா பச்சை."

"சரிடா. உன் அக்கா மேல பாரத்தப் போட்டு அமுக்கறேன்." சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் மூன்றாவது தொட்டியின் நீர்மட்டக் கோடு தள்ளாடியது. உள்ளே சென்சாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்க வேண்டும். மேலே போன் போட்டு, 'கொஞ்சம் பொறுங்க, நான் ஒட்டினது ஆடுது' என்று சொல்வதைவிட இறங்கி முறுக்கிவிட்டு வருவது கௌரவம். ஒரு நிமிட வேலை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.

தொட்டிக்குள் அவன் மூச்சே அவனுக்கு முன்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பி, வேறு யாருடைய மூச்சோ போல காதருகே வந்து நின்றது. தலைக்கு மேலே மூடிவாய் ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு கிளாம்பை முறுக்கினான். முறுக்கி முடித்தபோது கேட்டது.

டக். டக். டக்.

திரையில் அல்ல. சுவரில். ஒரு முழ இடைவெளி தாண்டி நான்காவது தொட்டி நிற்கும் பக்கம்.

பம்ப், என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பம்ப் எண்ணத் தெரிந்துகொண்டு மூன்றோடு நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முயன்றான். ஏணியில் கால் வைத்தான். மேலே பார்த்தான்.

வட்டம் வட்டமாக இல்லை.

ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிறையானது. சத்தமே வராத மோட்டார். மேனேஜரிடம் பெருமையடித்து அவனே தேர்ந்தெடுத்தது. கை கழுத்துக்குப் போனது. கழுத்தில் டேக் இல்லை. காலையிலிருந்து சோதித்துச் சோதித்து வியர்வையில் ஒட்டியதால் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தான்.

"அத்தான்!"

பிறை கோடானது. கோடு இல்லாமல் போனது.

"அத்தான்! நான் உள்ள இருக்கேன்! அத்தான்!"

குரல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து காலடியில் விழுந்தது. வெளியே பம்ப் உறுமிக்கொண்டிருக்கும், யாரும் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. இரும்புக்குள் ரேடியோ நுழையாது என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் அவன்தான்.

எங்கோ கீழே வால்வு திறந்தது. முதலில் காற்று இருமியது. பிறகு தண்ணீர்.

கணுக்கால். குளிர். முழங்கால்.

ஏணியின் உச்சியில் நின்று மூடியைத் தோளால் முட்டினான். அசையவில்லை. ஸ்பேனரால் இரும்பைக் கண்மண் தெரியாமல் அடித்தான். சுவருக்கு வெளியே ஒட்டியிருக்கும் சென்சார் ஒவ்வோர் அடியையும் உணர்ந்திருக்கும். கேட்வேயிடம் சொல்லியிருக்கும். கேட்வே, தட்டல்தானே என்று, கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கும். மேலே பச்சை. அத்தான் மேனேஜரிடம் திரையைக் காட்டிக்கொண்டிருப்பார். என் மச்சான் செஞ்சது சார். நிரம்பினால் தண்ணீர் தானாக நிற்கும். மூடிக்கு ஒரு விரற்கடை கீழே. அந்த அளவை வைத்ததும் மச்சான்தான்.

இடுப்பு. ஸ்பேனரை ஓங்கக் கை எழவில்லை.

இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பழக்கதோஷத்தில் யாராவது கீழே இறங்கி வந்து, போகிற போக்கில் தட்டலாம். தட்டினால் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் காது வைத்துக் கேட்பார்கள். மூச்சை அடக்கிக் கேட்பார்கள். வாங்க. யாராவது வாங்க. தட்டிட்டுப் போங்க.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. செல்போன் நழுவி அடியில் போய், சற்று நேரம் பச்சையாக ஒளிர்ந்து, அணைந்தது.

இருட்டில் அவன் காதை இரும்பில் வைத்தான். மூச்சை அடக்கினான். மெதுவாக, மரியாதையாக, அவர்கள் தட்டுவது போலவே மூன்று முறை தட்டினான். காத்திருந்தான்.

டக். டக். டக்.

நான்காவது தொட்டி. அவன் காதுக்கு நேர் எதிரே. அதுவும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது போல, அவ்வளவு சீக்கிரம்.

அவன் தட்டவில்லை. தட்டவே கூடாது என்று ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தண்ணீர் கழுத்தைத் தொட்டது. அமைதி. நீண்ட அமைதி. இனி வராது.

தன்னை அறியாமல், ரொம்ப மெல்ல, மறுபடியும் தட்டினான்.

இம்முறை பதில் சுவரிலிருந்து வரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. அவன் நின்றிருந்த ஏணிப் படிக்கு அடியில், உள்ளங்காலில் படும்படி, மூன்று.