குறி வைத்த கண்

பட்டப்பகல் மூன்று மணிக்கு ரமோனா ஹக்கபி தன் வீட்டுச் சமையலறை வாசலில் செத்துக் கிடந்தாள்.

மார்பில் ஒரே ஓட்டை. பத்தடி தூரத்தில் ஷாட்கன் ரவைகளுக்குச் சிதற நேரம் ஏது?

அவள் கணவன் டெல்பர்ட் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கொஞ்சம் அதிகமாகவே அழுகிறானோ...? டிடெக்டிவ் வெர்னா ப்ளெட்சோவுக்கு உறுத்தியது.

"திரும்பச் சொல்லுங்க டெல்பர்ட்."

"துல்சாவுல அக்கா வீட்டுக்குப் போனவ... நாளைக்குத்தான் வர்றதா சொல்லியிருந்தா. பின்கதவு திறக்கற சத்தம். திருடன்னு நெனச்சேன். மூலையில அவ துப்பாக்கி இருந்துச்சு. எடுத்துச் சுட்டுட்டேன்."

"முகத்தைப் பாக்கலையா?"

"வீட்டுப் பாதுகாப்பு வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தாங்க ஆபீசர்? குறி பாக்கறதுக்காகக் குழல் முனையில இருக்கற குட்டிப் பித்தளை மணி மேலதான் கண்ணு நிக்கணும், எதிர்ல இருக்கறது மங்கலாத்தான் தெரியும்னாங்க. நான் மணியைத்தான் பாத்தேன். ஆளு வெறும் நிழலா இருந்துச்சு."

டெபுடி ஆர்லிஸ் வெர்னாவின் காதருகே குனிந்தான்.

"விட்ருங்க மேடம். திருடன்னு நெனச்சுச் சுட்டவனை ஓக்லஹோமாவுல எந்த ஜூரி உள்ள தள்ளும்? துக்க வீட்டுக்குன்னு அக்கம்பக்கத்துல சமைச்சுக் கொண்டு வர்ற கேசரோலைச் சாப்பிட்டுட்டு நிம்மதியா தூங்கப் போறான்."

"ஒரே ஒரு கேள்வி ஆர்லிஸ்."

வெர்னா கையுறை மாட்டித் துப்பாக்கியை எடுத்தாள்.

"மணி நல்லா தெரிஞ்சுதா டெல்பர்ட்?"

"பளபளன்னு தெரிஞ்சுது. சத்தியமா."

"இங்க வந்து பாருங்க."

குழல் முனையில் மணி இல்லை. அது இருந்த இடத்தில் சின்னத் துளை மட்டும்!

டெல்பர்ட்டின் அழுகை சட்டென்று நின்றது.

"உங்க சம்சாரம் பறக்கற தட்டைச் சுடற பந்தயத்துக்காரி. மணி மேல கண்ணு போனா தட்டு தப்பிடும். அதனால போன சனிக்கிழமை, நானும் அவளும் சுடப் போற கிளப்புல அதைக் கழட்டிட்டா. என் இடுக்கியை வாங்கித்தான் கழட்டினா."

"அது... பதட்டத்துல என்னமோ உளறிட்டேன். மணியாவது ஒண்ணாவது... நேரா பாத்தேன், சுட்டேன்."

"நேரா எதைப் பாத்தீங்க?"

அவன் பார்வை ரமோனா பக்கம் போய்த் திரும்பியது.

"பத்தடி தூரம். நல்ல வெளிச்சம். கண்ணை இழுக்க மணியும் இல்ல. வேற எதைப் பாத்திருக்க முடியும் டெல்பர்ட், அவ முகத்தைத் தவிர?"



"சிரிச்சா..." என்றான் டெல்பர்ட். "விவாகரத்து வக்கீலைப் பாத்துட்டு நேரா வர்றேன், இந்த வீட்டுல பாதி எனக்குன்னு சொல்லிச் சிரிச்சா."

வெர்னா குனிந்தாள். ரமோனாவின் திறந்திருந்த கண்களை மூடிவிட்டு எழுந்தாள்.

ஆர்லிஸ் விலங்கை மாட்டினான்.

"கவலைப்படாதீங்க சார்... இப்ப போற வீட்டுல யாரும் உங்ககிட்ட பங்கு கேக்க மாட்டாங்க."