வெள்ளைப் பொடி மூட்டைகள்

காலை 6.10. அண்ணனின் குளத்தில் மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன.

6.40. தம்பியின் கொட்டகையில் வெள்ளைப் பொடி மூட்டைகள் அகப்பட்டன. "விஷம்டா!" என்று அண்ணன் கத்தினார். கூடியவர்கள் தம்பியை அடித்து நொறுக்கினார்கள்.

9.00. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். தம்பி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

அண்ணனின் குளத்து நீரில் இன்ஸ்பெக்டர் லிட்மஸ் சோதனைத் தாளை நனைத்தார்; சிவந்தது, அமிலம். செத்த மீனின் செவுளில் வெள்ளைக் கொழகொழப்பு. ராத்திரி பெய்த மழையில் வாளியில் பிடித்திருந்த நீரிலும் தாள் சிவந்தது. பொடியைக் கரைத்து நனைத்தார்; நீலம், காரம். பக்கத்திலேயே தம்பியின் குளத்தில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"ரெண்டு குளத்துக்கும் ஒரே ஓடைதானே?"

"ஆமாங்க. என்னோடது மட்டும் செத்திருக்கே! அவன் வேலைதான்."

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"தாமிர ஆலைல. புகைபோக்கி மேஸ்திரி."

இன்ஸ்பெக்டர் தம்பியின் மனைவியிடம் திரும்பினார்.

"இது என்ன பொடிம்மா?"

"சுண்ணாம்புங்க. மழைத்தண்ணி சரியில்லன்னு குளத்துல போட்டார். அடிவாங்கும்போதும் சுண்ணாம்பு, சுண்ணாம்புன்னே கத்தினார். யாரு கேட்டா?"

"யார் குடுத்தது?"

"சொல்லமாட்டார். குடுத்தவங்களுக்கு வேலை போயிடுமாம்."

இன்ஸ்பெக்டர் ஆலைக்குப் போன் செய்தார். கேட்டார். வைத்தார்.

"மேஸ்திரி, புகையைச் சுண்ணாம்புத் தண்ணியில கழுவுற தொட்டி மூணு வாரமா காஞ்சு கெடக்காம். மழை மப்பு போட்டா புகை எவன் கண்ணுக்கும் தெரியாது, அப்படித்தானே? அந்தச் சுண்ணாம்பைத் திருடித் தம்பிக்குத் தள்ளிட்டீங்க. கந்தகப் புகை மேகத்துல கலந்து அமிலமா இறங்குச்சு. மலைமண்ணுல இருக்குற அலுமினியத்தைக் கரைச்சு ஓடையில கொண்டாந்துச்சு. அதுதான் செவுளை அடைச்சிருக்கு. சுண்ணாம்பு விழுந்த குளம் தப்பிச்சுது."

"மழை கொல்லும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது, சரி. மூட்டையில என்ன இருக்குன்னு தெரியுமே? ஒரு வார்த்தை சொன்னா அடி நின்னிருக்கும். சொன்னா திருட்டு வெளிய வந்துடும். எல்லாரும் சுண்ணாம்பு யாரோடதுன்னு கேக்காம விட்டாங்க. நீங்க கேக்கவிடாம பண்ணினீங்க."

"மொத அடியே இந்த மாமா அடிச்சதுதாங்க" என்று அண்ணனைக் காட்டினாள் தம்பி மனைவி.

11.20. ஆஸ்பத்திரியிலிருந்து போன். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "கண்ணு முழிச்சானா? ஏதாச்சும் சொன்னானா?"

"முழிச்சாராம். யார் குடுத்ததுன்னு டாக்டர் கேட்டிருக்கார்." இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "கடையில வாங்கினேன்னு சொல்லிட்டுச் செத்தாராம்."