குறட்டைப்பெட்டி

பெட்டியின் சத்தத்தைச் சண்முகக்கனி குறைத்தாள். குறட்டை குறையவில்லை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பழுதா என்று எரிச்சலோடு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் புருஷன் ஆத்தியப்பன், ராத்திரியெல்லாம் ஏவுதளத்தில் எரிபொருள் ஏற்றிவிட்டு வந்த களைப்பில் அடித்துப்போட்டாற்போல் கிடந்தான்.

ஏவுதளக் குடியிருப்பில் பகல்தான் ராத்திரி. வீட்டுக்காரிகளும் திரையை இழுத்துவிட்டுக் கூடவே தூங்கப் பழகிவிட்டார்கள். முன்பெல்லாம் அங்கே ஆண்கள் விட்ட குறட்டையில் ஜன்னல் அதிரும். பிறகு தாடைநகர்த்தி வந்தது. இரண்டு தாடையையும் அறுத்து, உள்ளே நுண்திருகுகளைப் பொருத்திவிடுவார்கள். அவை தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளும், நாக்கும் கூடவே முன்னால் வரும், தொண்டையில் காற்றுக்கு வழி பிறக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று திணறியவர்களெல்லாம் பச்சைப்பிள்ளைபோல் தூங்கினார்கள்.

தூக்கத்தைத் தொலைத்தவர்கள் பெண்டாட்டிமார்தான். இருபது வருஷம் குறட்டையைத் திட்டிக்கொண்டே உறங்கியவளுக்கு, திடீரென்று பக்கத்தில் பொட்டுச் சத்தம் இல்லையென்றால் எப்படி இருக்கும்? ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று சண்முகக்கனி எழுந்து எழுந்து அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். மூன்று மாதம் செத்துப் பிழைத்தாள். வீட்டுக்கு வீடு இதே கதை என்று கேள்விப்பட்ட எவனோ ஒரு கெட்டிக்காரன் குறட்டைப்பெட்டியைச் செய்து விற்றான். அவரவர் புருஷனின் பழைய குறட்டையை, அச்சுப் பிசகாமல், தலைமாட்டிலிருந்து அது விடும். குடியிருப்பே நிம்மதியாகத் தூங்கியது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வினை வந்தது. ஆத்தியப்பனின் அக்கா, தாடை முன்னால் வந்து மாறிப்போயிருந்த அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்யாண ஆல்பத்தில் பொண்ணுக்கு அப்பன் யாரென்று சம்பந்தி வீட்டார் கேட்கப்போகிறார்கள் என்று கேலி செய்தாள். அவன் சிரித்து மழுப்பினான். மறுநாளே மருத்துவமனைக்குப் போய், திருகைத் திருப்பி, தாடையைப் பழையபடி உள்ளே தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"போட்டோ எடுத்து முடியட்டும்ட்டி. திரும்ப முன்னால தள்ளிக்கிடலாம்."

கல்யாணம் முடிந்தது. மறுவீடும் முடிந்தது. இப்போதுதான் பழைய ஆத்தியப்பனாக இருக்கிறாய் என்று ஆளாளுக்குச் சொன்னதில் அவன் குளிர்ந்துபோய்விட்டான். தாடை விஷயம் அவனுக்கும் மறந்தது, அவளுக்கும் மறந்தது. இன்றைக்கு உடம்புவலி தாங்கவில்லை என்று தூக்கமாத்திரை வேறு போட்டிருந்தான்.

காது கிழிகிற மாதிரி இருந்தது. இந்தச் சனியனை இன்றைக்கே தூக்கிக் கடையில் எறியவேண்டும் என்று எழுந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

குறட்டை நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக இது? தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டு அவள் தூங்கியது அவன் திணறுகிற சத்தத்தையா? பாவி, நான் பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அப்போது குறட்டை நின்றது.

அவன் நெஞ்சு எம்பியது. காற்று உள்ளே போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள். "எந்திரிங்க... மூச்ச விடுங்க, உங்களத்தான்." மாத்திரை அவனை விடவில்லை. பயத்தில் என்ன செய்கிறோமென்று தெரியாமலே, காதுக்குக் கீழே தாடையின் இரண்டு மூலையையும் பிடித்து முன்னால் தள்ளினாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே போயிற்று. போனை எடுக்கலாமென்று கையை எடுத்தாள். நின்றுவிட்டது. மறுபடி தள்ளினாள், மூச்சு வந்தது. போன் கூடத்தில் கிடந்தது.

"யாராவது வாங்களேன்" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கத்து வீட்டில் குறட்டை. மாடியில் குறட்டை. எதிர்வீட்டிலும் குறட்டை. அதில் எது பெட்டி, எது ஆள் என்று கேட்டுப் பார்க்க அந்தக் குடியிருப்பில் ஒருத்தியும் விழித்திருக்கவில்லை. சண்முகக்கனியின் விரல்கள் மெல்ல மரத்துக்கொண்டு வந்தன.